பின்னால் உட்கார்ந்தவள் சொன்னது

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் என்னிடம் பதினைந்து வருஷப் பழைய பைக் ஒன்று இருந்தது. விழுப்புரத்தில் எங்கள் வீடு, திண்டிவனத்தில் மனைவியின் அம்மா வீடு. மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் மனைவியும் அதில்தான் போவோம். ஊருக்குள் ஒழுங்காக ஓடும் வண்டி, ஹைவேயில் அறுபதைத் தாண்டியதும் ஆட ஆரம்பிக்கும். எழுபதில் ஹாண்டில் கையில் நிற்காது.

"ஏங்க, பின்சக்கரம் பக்கவாட்டுல ஆடிக்கினு இருக்குதுங்க. உட்கார்ற இடத்துலயே தெரியுது" என்று முதல் தடவையே சொன்னாள்.

"ஹாண்டில் ஆடுது, நீ பின்சக்கரத்தைச் சொல்ற. அசையாம உட்காரு, போதும்."

ஹாண்டிலுக்குக் கீழே பேரிங் மாற்றினேன். முன் டயர் மாற்றினேன். ஆட்டம் நிற்கவில்லை. தனியாகப் போனால் மட்டும் குறைவாக இருந்தது. அதை வைத்து, காரணம் அவள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

திண்டிவனத்தில் சாப்பிடும்போது மைத்துனன் கேட்டான்: "இன்னா மாமா, வண்டி இன்னும் சரியாவலையா?"

"வண்டியில ஒண்ணும் இல்லப்பா. உங்க அக்கா நாலு கிலோ எளைச்சா தன்னால நேரா ஓடும்."

எல்லோரும் சிரித்தார்கள். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அவளும் சிரித்தாள். அடுத்த மாதம், "நான் பஸ்ல வந்துடறேன், நீங்க வண்டியில போங்க" என்றாள். நான் தடுக்கவில்லை. எட்டு மாதம் அப்படியே போனது. விக்கிரவாண்டி தாண்டி அவளுடைய பஸ்ஸை முந்திக்கொண்டு போயிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு, கூட்டேரிப்பட்டு அருகே, தனியாகப் போகும்போதே வண்டி நெளிந்து ரோட்டை விட்டு இறங்கி முள்செடியில் போய் நின்றது. மெதுவாக ஓட்டிக்கொண்டு திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டியை ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக இழுத்தார். டொக், டொக் என்றது.

"பின்சக்கரத்தைத் தாங்கற கம்பி மூட்டுல இருக்கற வளையம், புஷ்ஷு, தேஞ்சிப் போச்சு சார். முன்னாடி எதை மாத்தினாலும் நிக்காது. பின்னாடி ஆள் ஏறினா இன்னும் ஜாஸ்தியாவும்." நிமிர்ந்து பார்த்தார். "பின்னாடி உட்கார்றவங்க ஒண்ணும் சொல்லலியா? அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்."

"நான் தனியாத்தான் வர்றேன்" என்றேன்.

அவர் புஷ்ஷை மாற்றிக் கொடுத்தார். மாலையில் மாமியார் வீட்டில் அவளிடம், "செயின் லூசா இருந்திருக்குது, சரி பண்ணியாச்சு, வா" என்று பொய் சொல்லி ஏற்றிக்கொண்டேன். எழுபத்தைந்திலும் வண்டி நேராக ஓடியது. "இப்ப பின்னாடி ஆடவே இல்லைங்க" என்றாள், சந்தோஷமாக. எனக்குக் காது சுட்டது. விக்கிரவாண்டியில் டீக்கடையில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

டீயைக் குடித்து முடித்தாள். "இதை எங்க வீட்டுலயும் சொல்லுவீங்களா?"

சொல்கிறேன் என்றேன். இரண்டு முறை போய் வந்தும் வாய் வரவில்லை. மூன்றாம் முறை, எல்லோரும் சாப்பிடும்போது மைத்துனனிடம் சொன்னேன்: அக்கா சொன்னதுதான் சரி, நான்தான் கேட்கவில்லை.

"அதைப் போய் இன்னும் யாரு மாமா ஞாபகம் வெச்சிக்கினு இருக்கறாங்க?" என்று சிரித்தான்.

"நான் வெச்சிக்கினு இருக்கறேன்" என்றாள் அவள்.

அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். நானும்தான்.