தப்பட்டைக்கு ஒரு பக்கம்

தாராபுரத்துப் பள்ளிக்கூடமொன்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் மாசாணியம்மாள். தப்பட்டை அடிக்கிற சுப்பையனின் மகள். தப்பட்டைக்காரர் தெருவில் பிறந்து டீச்சரானவள் அவள் ஒருத்திதான்.

சீமையிலிருந்து பள்ளிக்கு ஒரு சிரிப்புப் படப்புத்தகம் வந்தது. அந்த ஊர் வாத்தியங்களெல்லாம் கோட்டு மாட்டிக்கொண்டு அதில் கூத்தடித்தன. பெரிய பிடில் தன் தொப்பையைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கியது. இழுத்து நீட்டி ஊதுகிற குழல், முன்னால் இருந்தவனின் தொப்பியைத் தட்டிவிட்டது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

"நம்ம தப்பட்டை எங்கீங்க டீச்சர்?" என்றது ஒரு குழந்தை.

அன்றைக்கே மாசாணி ஒரு பக்கம் வரைந்தாள். தப்பட்டையின் தோல் விறைக்கத் தீயில் காட்டித்தானே அடிப்பார்கள்? அவள் படத்தில் குளிரில் தொய்ந்துபோன தப்பட்டை, கம்பளி போர்த்தி வைக்கோல் தீயில் முதுகு காய்ந்தது. காய்ந்ததும் துள்ளிக் குதித்தது. அதைப் புத்தகத்தின் நடுவில் வைத்துத் தைத்தாள். பிள்ளைகள் அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

பள்ளி மேனேஜர் பாலுசாமிக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏனம்மிணி, கோட்டுப் போட்டவங்களுக்கு நடுவால இது எதுக்கு? இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள பிச்சுப்போடு."

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எரிந்தது.

"மாட்டேனுங்க. உங்க ஊர்க் கோயில் நோம்பிக்கு எங்கப்பன் அடிக்கோணும், புஸ்தகத்துல மட்டும் ஆகாதுங்களா?"

அவரே பக்கத்தைப் பிடித்து இழுத்தார். கூடவே பிடில் பக்கமும் கிழியத் தொடங்கியது.

"நல்லா இழுங்க! கோணி ஊசியில எல்லாத்தையும் சேத்துத் தச்சுப்போட்டனுங்க. தப்பட்டை போனா உங்க கோட்டுக்காரங்களும் கூடவே போவாங்க."

பாலுசாமி கையை எடுத்தார். கோபம் தணியாமலே மாசாணி புத்தகத்தை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போய், அந்தப் பக்கத்தையே விரித்தாள்.