எங்கப்பன் தப்பு

எங்கள் கண்ணாடிக் கடையில் நாங்கள் மூன்று பேர். பேசுவது மூன்று தமிழ். மனேஜர் வரதராசா சேர் யாழ்ப்பாணம். நான் ரபீகா, அக்குறணைப் பக்கம். கஜலட்சுமி என்னை ‘ரபீகா தாத்தா’ என்பாள். எங்கள் முஸ்லிம் ஆட்களில் அக்காவைக் கூப்பிடுகிற முறை அது. சேர் கண்டிக்கு வந்த புதிதில், “ஆர் அந்தத் தாத்தா? உள்ளுக்கோ இருக்கிறார்?” என்று தேடினார். அப்படிப்பட்ட மனுசன்தான் பாட்டுக்கு அர்த்தம் சொல்ல வெளிக்கிட்டார்!

கஜியைப் பற்றிச் சொல்லவேண்டும். கண்ணாடிப் பிரேமைச் சூடுகாட்டி, ஆளின் காதுக்கு அளவாக வளைப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. வாடிக்கையாளர்கள் அவளைத்தான் கேட்டு வருவார்கள். ஆனால் வீட்டுக் கதை மட்டும் வாயில் வராது. “அம்பிட்டியல இருக்கேன்” என்பாள், அதோடு சரி. பந்தாக்காரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ராப் பாட்டு இந்த வருடம் பஸ், த்ரீவீல், சலூன் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒரு பொடியன் முகத்தை மூடிக்கொண்டு பாடுகிறான்:

எங்கப்பன் தப்பு ஊரே கேட்டுச்சு
தோளுல ஏறி தெருவெல்லாம் போச்சு
தீயில காட்டுனா தோலு சிலிர்க்கும்
அடிக்க அடிக்க ஊரே முழிக்கும்

சேர் தேத்தண்ணி நேரத்தில் போனை மேசையில் வைத்துப் பாடம் நடத்தினார். “இதுக்குள்ள பெரிய விசயம் ஒளிஞ்சு கிடக்கு. நாங்கள் பிழை எண்டுறதைத்தான் இவங்கள் தப்பு எண்டுறாங்கள். தகப்பன் களவெடுத்திருக்கிறான், ஊர் பிடிச்சு விசாரிச்சிருக்கு. தோளிலை போனது களவுச் சாமான். பிறகு பிடிச்சுச் சூடு வைச்சு அடிச்சிருக்கிறாங்கள்.”

நான் சும்மா இருப்பேனா? “மாட்டுக் களவா ஈக்கும் சேர், தோலுண்டு வருதே!” என்று எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

“கஜி, நீங்கள் என்ன சொல்லுறியள்?”

அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. “திருட்டுதான் சேர். வேற என்ன,” என்றாள்.

ஒரு கிழமை போயிருக்கும். காலையில் ஒரு வயசாளி வந்தார். வெளுத்துத் தேய்த்த சட்டை, காலில் ரப்பர் செருப்பு. பெயர் சின்னமுத்து என்றார். நான் கதிரையை இழுத்துப் போட்டும் உட்காராமல் நேரே கஜியிடம் போய், “மிஸ், கிட்டத்து எழுத்து தெரியலீங்க,” என்றார். கஜியின் முகத்தில் இரத்தமே இல்லை. டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டைப் பார்த்து, ரெடிமேட் கண்ணாடி ஒன்றை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டு, “தெரியுதுங்களா?” என்றாள்.

“நல்லா தெரியுது மிஸ்.”

அந்த நேரம் பார்த்துச் சேரின் போன் அடித்தது. அதிலும் அதே பாட்டுத்தான். வயசாளியின் விரல்கள் கவுண்டர் கண்ணாடியில் தன்பாட்டில் தாளம் போடத் தொடங்கின. என்ன தாளம்! நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

“ஐயாவுக்கும் பிடிச்சிருக்கு போல,” என்று சிரித்தார் சேர். “ஒரு கள்ளன்ர மகன் பாடுறது.”

விரல்கள் நின்றன. “அப்படிங்களா சேர்,” என்று அவரும் சிரித்து வைத்தார்.

புதுக் கண்ணாடியோடு வெளியே போகையில் படியில் கால் இடறியது. “அப்பா! பாத்து!” கஜி கத்தியே விட்டாள்.

சேர் நிமிர்ந்து பார்த்தார். வயசாளி கதவைப் பிடித்துக்கொண்டு, “இந்த மிஸ் தங்கமான புள்ளைங்க. வயசானவங்கள எல்லாம் அப்பான்னுதான் கூப்புடுது,” என்றார். “ஓம், ஓம், அவ நல்ல பிள்ளை,” என்றார் சேர். கஜி, அவர் ரோட்டைக் கடந்து போகும்வரை அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தேத்தண்ணி நேரத்தில் சேர் பாட்டைத் திரும்பப் போட்டு, “இந்தக் கள்ளன்ர கதையில இன்னொரு விசயம்...” என்று ஆரம்பித்தார்.

“தப்புன்னா மேளம் சேர்.” கஜி எழுந்து நின்றிருந்தாள். “எங்க பக்கம் அப்புடித்தான் சொல்லுவோம். நெருப்புல காட்டி, தோளுல மாட்டிக்கிட்டு அடிக்கிறது. ஊருக்கே காதுல கேட்டுச்சுன்னு பாடுறான். பாடுறது எந் தம்பி கணேஸ். அம்பிட்டியன்னு சொன்னது பொய். நாங்க மஹய்யாவ, ரோடு கூட்டுறவங்க இருக்குற லயம். அப்பா காலைல டவுன் ரோட்டக் கூட்டுனாரு, திருவிழான்னா தப்பு அடிச்சாரு. அடுத்தவங்க பொருள ஒருநாளும் தொட்டதில்ல. அவரத்தான் நான் இந்த வாயால திருடன்னு சொன்னேன்.” மூச்சு வாங்கியது. “காலைல நான் எல்லாரையும் கூப்புடுற மாதிரி கூப்புடல சேர். அவரு எங்கப்பா.”

அல்லாஹ்வே! நான் சொன்ன மாட்டுக் களவு ஞாபகம் வந்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சேர் போனை நிறுத்தி, “பிள்ளை, என்னை மன்னியுங்கோ,” என்றார்.

அவள் யாரையும் மன்னிக்கிற நிலையில் இல்லை. தன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, “கடைப் பக்கம் வராதீங்க, வந்தா தெரிஞ்ச மாதிரி காட்டாதீங்க” என்று அப்பாவிடம் சொன்னாளாம். “கண்ணு தெரியாமத்தான் இன்னைக்கு வந்தாரு, வந்தும் அந்த வார்த்தைய அப்புடியே காப்பாத்துனாரு தாத்தா. வெக்கமா இருக்கு. செத்துடலாம் போல இருக்கு,” என்று என் தோளில் விழுந்து அழுதாள். “எனத்துக்குப் புள்ள சாகிற கதை? மொதல்ல வாப்பாக்கு கோல் எடு,” என்று அதட்டினேன்.

எடுத்தாள். “அப்பா, கடையில சொல்லிட்டேன். நீங்க எங்கப்பான்னு.”

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எங்களுக்கும் கேட்டது.

“ஏம்மா சொன்ன?” என்றது அவர் குரல். “வேலைக்கு ஒண்ணும் ஆகலியே?”