கூரை மேலிருந்து கேட்ட கையெழுத்து

முகத்தைப் பார்த்துப் பணம் கேட்க எனக்கு வராது. பத்தாவதோடு படிப்பை விட்டு, வெல்டிங் பழகி, பனியன் கம்பெனிகளுக்குத் தகர ஷெட் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறேன். வேலை முடிந்ததும் பில்லை மேசையில் வைப்பேன். கொடுக்கும் காபியைக் குடிப்பேன். "அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்ணா" என்பார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

அவிநாசிபாளையம் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனிக்குப் போட்ட ஷெட்டும் அப்படித்தான் ஆனது. கடனுக்கு வாங்கிய இரும்பும் தகரமும் அங்கே நிற்க, அந்தக் கடனை அடைக்க என் மனைவியின் நகை அடகுக்குப் போனது. கம்பெனிக்காரர் கெட்டவர் அல்ல. அவருக்கு வரவேண்டியதும் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. அவர் அடுத்த மாதம் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் கேஸ் போடுவதற்கான கெடு புதிதாகத் தொடங்குகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மனைவிதான் என்னை வக்கீலிடம் இழுத்துப் போனாள். அவர் என்னிடமிருந்த பில் நகலில் தேதியைப் பார்த்தார்.

"வேலைய முடிச்சுக் குடுத்து வர்ற வாரத்தோட மூணு வருசம் ஆகுதுங்க. அதுக்குள்ள கேஸ் போடோணும். இல்லீன்னா, பாக்கி இருக்குதுன்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போடோணும். போட்டா அன்னிலிருந்து மறுக்கா மூணு வருசம்."

"மாசாமாசம் தர்றேன்னு சொன்னாருங்களே?"

"வாயில சொன்னது சேராதுங்க. நான் நோட்டீஸ் அனுப்புனாக்கூட நாள் நிக்காது."

மனைவி விடவில்லை. "சாயப்பட்டறைக்காரங்க கூலி வர்ற வரைக்கும் துணியப் பிடிச்சு வெக்கறாங்கல்லீங்க?"

"துணி அவங்க கையில இருக்குதுங்க. ஷெட்டுத்தான் ஒப்படைச்சாச்சே. இப்பப் போயித் தகரத்தக் கழட்டுனா உங்க ஊட்டுக்காரரைத்தான் போலீஸ் பிடிக்கும்."

கேஸ் போட எங்களிடம் வசதி இல்லை. கையெழுத்துக் கேட்கப் போனேன். காபி குடித்துவிட்டு வந்தேன். மறுபடியும் போனேன், மறுபடியும் காபிதான்.

"காபி குடிக்கவா அத்தன தூரம் பெட்ரோல் போட்டுட்டுப் போனீங்க?" என்றாள் மனைவி.

கெடு முடியும் அந்த வாரம் மழை பெய்தது. கம்பெனிக்காரரே போன் செய்தார். "ஏனுங்ணா, நூல் மேல ஒழுகுது. கொஞ்சம் வந்து பாருங்ணா."

போய்க் கூரையில் ஏறினேன். திருகாணிகளின் ரப்பர் வாசர்கள் வெயிலில் வெடித்திருந்தன. ஒரு தகரத்தைக் கழற்றியபோது கீழே அவர் நூல் பெட்டிகளுக்குப் பாலிதீன் போர்த்திக்கொண்டிருந்தது தெரிந்தது. முகம் தெரியவில்லை, உச்சந்தலை மட்டும்தான். நடுவில் முடி கொட்டியிருந்தது. அந்த மண்டையைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சமே வரவில்லை.

"தம்பி! பாக்கி இருக்குதுன்னு எழுதி ஒரு கையெழுத்து வேணுங்க! இந்த வாரத்துக்குள்ள வேணுங்க!"

மெஷின் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது. வேலை செய்துகொண்டிருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவரும் நிமிர்ந்தார்.

"அத ஏனுங்ணா மேல நின்னுட்டுக் கேக்கறீங்க?"

"கீழ வந்தா கேக்க மாட்டனுங்க!"

யாரோ சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"போடலீன்னா ஓட்டைய அடைக்க மாட்டீங்களாக்கும்?"

"அடைச்சுட்டுத்தானுங்க எறங்குவேன்."

சொன்னபடி எல்லா வாசரையும் மாற்றி, தகரத்தை முடுக்கிவிட்டுத்தான் இறங்கினேன். மேசையில் காபியும் பக்கத்தில் என் பழைய பில்லும் இருந்தன. நான் வக்கீல் சொன்னதைச் சொல்லச் சொல்ல, அவர் பில்லின் அடியில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு என்னிடம் கொடுத்தார்.

"உங்களப் பாத்தாலே, இன்னைக்குக் கேட்டுருவாரோன்னு எனக்கும் பக்குனு இருக்குமுங்ணா. இப்பத்தான் நிம்மதி. கொஞ்சங்கொஞ்சமாக் குடுத்தர்றேன்" என்றார்.

எனக்கும் காபி அன்றுதான் காபி மாதிரி இருந்தது.

வக்கீல் பார்த்துவிட்டுப் போதும் என்றார். மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அடக்க முடியாமல் சிரித்தாள்.

"அப்ப என்ற நகைய எப்ப மீட்டுத் தருவீங்கன்னு நானும் கூரை மேல ஏறித்தான் கேக்கோணுமா?"

"வேண்டாம், இங்கயே கேளு" என்றேன். கேட்டாள். அடுத்த மாதம் என்று மட்டும் நான் சொல்லவில்லை.