சித்தி வெயில் காய்ந்த நாட்கள்

அம்மாவின் தங்கை, என் சித்தி, ஈப்போவில் எங்களோடுதான் இருந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை; பகலெல்லாம் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூக்கம். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, படியேறினால் அவளுக்குக் கால் எலும்பு வலிக்க ஆரம்பித்தது. பத்து காஜாவில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வைட்டமின் டி குறைவு, கால்சியமும் போதாது, சில மாதங்களில் சரியாகிவிடும் என்றார். மாத்திரையோடு முட்டை, நெத்திலி, முள்ளோடு சாடின் மீன், காலையில் கொஞ்ச நேரம் வெயில்.

மாத்திரையில் வைட்டமின் இருக்கலாம், வெயிலில் எப்படி இருக்கும்? பள்ளி விடுமுறை முழுக்க எனக்கு இதே யோசனை. வேலை முடிந்து வந்ததும் சித்தி பின்வாசலில் நாற்காலி போட்டு உட்காருவாள். நானும் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு, தோலுக்குள் ஏதாவது இறங்குகிறதா என்று உற்றுப் பார்ப்பேன்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஆயர் தாவாரிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

"அவங்க வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் உள்ள இரு லா. கறுத்துப் போயிட்டா யாரு பதில் சொல்றது?"

"டாக்டருதான் உக்காரச் சொன்னாரு, அக்கா. காலு வலிக்குது இல்ல?"

ஒருநாள் நான் கேட்டேன். "சித்தி, அந்த மாப்பிள்ளைய ஒனக்குப் புடிச்சிருக்கா?"

சித்தி சாடினை விரலால் நசுக்கி என் தட்டில் வைத்தாள். "முள்ளு எவ்ளோ மெத்துனு இருக்கு பாரு. துப்பாம தின்னு."

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சித்தியை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்ல வேலையாம்மா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள். "இல்ல ஆன்ட்டி, எலும்புல சத்து இல்ல. அதான் வெயில்ல உக்காரச் சொல்லியிருக்காங்க. படியேறுனா காலு ரொம்ப வலிக்கும்."

சில மாதங்களில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதை அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து, ஞாபகப்படுத்த வாயெடுத்தேன். என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

கேசரியைக்கூட முடிக்காமல் அவர்கள் கிளம்பினார்கள்.

அன்று மாலை அம்மா அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள். சித்தி நெத்திலி சம்பல் செய்து, சோற்றின் மேல் முட்டையைப் பொரித்துப் போட்டு, ஏதோ பாட்டை முனகிக்கொண்டே சாப்பிட்டாள். மறுபடியும் தட்டு நிறையப் போட்டுக்கொண்டாள். கல்யாணப் பேச்சு நின்றுபோன ஒருத்தி இப்படியா சாப்பிடுவாள் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், எலும்புக்கு அவ்வளவு பசி போலிருக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.