வெயிலுக்குப் போய் இழந்த சீனியோரிற்றி

1. கூரை

தை மாதக் காலை. ரொறன்ரோவில், மல்வேர்ன் பக்கத்தில் இருந்து ஒரு தமிழ்க் கடைக்காரர் போன் எடுத்தார். "ஜெறாட் அண்ணை, வோக்-இன் கூலர் நிண்டிட்டுது. மீன் முழுக்கக் கிடக்கு. கெதியா வாங்கோ." வெளியே மைனஸ் இருபத்தைந்து. மீனைத் தூக்கிக் கடை வாசலில் வைத்தாலே கல்லாகிவிடும், என்னை ஏன் வதைக்கிறீர் என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. மனிசன் பாவம், எங்களுடைய நிரந்தர வாடிக்கை. ஏணியைச் சாத்திக் கூரைக்கு ஏறினேன்.

ஆள் உள்ளே போய் வரக்கூடிய அந்தக் குளிர் அறைக்குள் இருக்கிற சூட்டை வெளியே தள்ளுகிற பெட்டியைக் கொண்டென்சர் என்போம். அது பெரும்பாலும் கூரையில்தான் இருக்கும். கடுங்குளிரில் அதன் ஃபேன் இடையிடையே நிற்க வேண்டும். நிறுத்துகிற சுவிச் பழுதாகி ஃபேன் ஓடிக்கொண்டே இருந்ததால் பிறெஷர் விழுந்து கொம்பிரசர் நின்றுவிட்டது. வேலை சின்னது. ஆனால் சுவிச்சை மாற்றக் கையுறையைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். ஸ்குறூ விரல் நுனியில் ஒட்டிப் பிடித்தது. உதறினேன், பனிக்குள் விழுந்து காணாமல் போய்விட்டது. முழங்காலில் நின்று பனியைக் கிளறிக்கொண்டே அழுதேன். ஐம்பது தாண்டிய மனிசன், ஒரு ஸ்குறூவுக்காக அழுதேன்.

ரொறன்ரோவுக்கு வந்த காலத்திலிருந்து குகன் அண்ணையின் கொம்பனியில் இதே வேலைதான் செய்து வந்தேன். அன்று இறங்கி வரும்போது முடிவு செய்தேன்: வெயில் அடிக்கிற நாடு ஒன்றுக்குப் போகிறது, அங்கே சொந்தமாகத் தொடங்குகிறது.

இப்போது எங்களோடு வேலை பழகுகிற பொடியங்கள் சாப்பாட்டு நேரத்தில் போனில் கடற்கரைப் படங்களைக் காட்டி, "அங்கிள், நீங்கள் பார்படோஸில பிஸ்னஸ் செய்தனிங்கள் தானே, வாஸ் இற் வேர்த் இற்?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. அதுதான் எழுதிவைக்கிறேன்.

2. றெஜினாவின் வேலை

அந்தப் பங்குனியில் நானும் என் மனைவி றெஜினாவும் ஒரு கிழமை விடுமுறைக்குப் பார்படோஸ் தீவுக்குப் போனோம். கார் இடது பக்கம் ஓடுகிறது. வெளியில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். வளவுகளில் ஈரப்பலா மரம். கடலோரக் குருநகரில் பிறந்த எனக்கு, குருநகரைக் கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. எல்லாரும் கடலைப் பார்க்க, நான் ஹோட்டல்களின் பின்பக்கம் போய் எத்தனை கொண்டென்சர் நிற்கிறது என்று பார்த்தேன். வரிசையாக நின்றன. ஆண்டு முழுக்க வெயில், ஆண்டு முழுக்க ஏசி, பனி என்ற பேச்சே இல்லை. இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

றெஜினா ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தாள். கிழவர் கிழவிகளைக் குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, தீத்துவது. இருபது வருசத்துக்கு மேலே. யூனியன் உள்ள இடம். அங்கே எல்லாம் சீனியோரிற்றிதான். முதல் சேர்ந்தவர் முதல் தெரிவு செய்வார்: எந்த ஷிஃப்ற், எந்த மாடி, எப்போது லீவு, எல்லாம். சேர்ந்த காலத்தில் அவள் விடியப்புறம் இரண்டு பஸ் மாறிப் போய், மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட ஷிஃப்ற்றுகளையெல்லாம் செய்தவள். படிப்படியாக மேலே வந்து, திங்கள் முதல் வெள்ளி வரை பகல் ஷிஃப்ற் என்ற இடத்தைப் பிடித்திருந்தாள். எனக்கு யூனியன் வேலை பழக்கமில்லை. எங்கள் கொம்பனியில் குகன் அண்ணை கோபப்பட்டால் வேலை இல்லை, கோபம் ஆறினால் வேலை இருக்கு, அவ்வளவுதான். அதனால் சீனியோரிற்றி என்றால் எனக்கு ஒரு சொல், அவளுக்கு அது காணி மாதிரி.

போகிறது என்று முடிவானதும் அவள் மனேச்சரோடு கதைத்துவிட்டு வந்தாள். குசினி மேசையில் இருந்து சொன்னாள்:

"ஒரு வருசம் சம்பளமில்லாத லீவு தாறாவாம். சீனியோரிற்றி அப்பிடியே நிக்குமாம்."

"லீவெண்டால் திரும்பி வாறம் எண்டு தானே கருத்து?"

"ஒரு வருசம் தானேப்பா. கிடக்கட்டுமேன்."

"மனம் முழுக்க இஞ்ச நிக்கும், றெஜினா. அப்பிடிப் போய் ஒரு பிஸ்னஸ் உருப்படாது. போறதெண்டால் முழுசாப் போகோணும். நீர் ரிசைன் பண்ணும்."

"லீவு எடுத்தால் என்ன குறைஞ்சு போகும்?"

"உமக்கு நான் செய்வன் எண்டு நம்பிக்கை இல்லையோ?"

இந்தக் கேள்விக்கு ஒரு மனிசி என்ன மறுமொழி சொல்ல முடியும்? மேசை விரிப்பை நீவிவிட்டாள். பிறகு, "சரி, குடுக்கிறன்" என்றாள். அடுத்த கிழமை விலகல் கடிதத்தைக் கொடுத்தாள். அவள் வேலை பழக்கிவிட்ட மே என்ற பிலிப்பீன்ஸ் பிள்ளை கேக் வெட்டி, கட்டிப்பிடித்து அழுததாம்.

நான் எப்படி வேலையை விட்டேன் என்றும் சொல்ல வேண்டும். குகன் அண்ணையின் கொம்பனிப் பின்கதவுப் பக்கம் நின்று ரீ குடித்தபடி சொன்னேன். அவர், "உனக்கென்ன விசரோ, இஞ்சயே தொடங்கு, நானே ரெண்டு கடை தாறன்" என்றார். நான் மாட்டேன் என்றதும், "அப்ப போட்டு வா. வான் திறப்பைத் தந்திட்டுப் போ. சரிவராட்டில் யோசிக்காத, போனை எடு" என்றார். வளையத்திலிருந்து கழற்றித் திறப்பைக் கொடுத்தேன்.

3. கொண்டெயினர்

எங்களுடைய ஆட்கள் எங்கே போனாலும் பெட்டி கட்டாமல் போக மாட்டார்கள். நானும் கட்டினேன். ரொறன்ரோவில் ஒரு சப்ளை ஹவுஸ் பழைய மொடல் கொண்டென்சர்களைக் கழிவு விலைக்குத் தள்ளியது. பார்படோஸில் இதற்கு இரண்டு மடங்கு விலை என்று கண்டு, ஒரு கப்பல் கொண்டெயினர் நிறைய ஏற்றினேன். கெட்டித்தனம் என்று நினைத்தேன். "அண்ணை, நீங்கள் அங்க போய் ராசா தான்" என்று ஏற்ற உதவிய பொடியனும் சொன்னான்.

கடற்கரையில் வைக்கிற கொண்டென்சரின் அலுமினியத் தகடுகளுக்கு உப்புக்காற்றைத் தாங்குகிற பூச்சுப் பூசியிருக்க வேண்டும். நான் ஏற்றியவை ஸ்காபரோ பிளாசாக் கூரைகளுக்குச் செய்தவை, பூச்சு இல்லாதவை. கொஞ்ச மாதத்தில் தகடுகள் வெள்ளைத் தூளாகி, கையால் தொட்டால் உதிர்ந்தன. சைக்கிள் றிம்மைக் கடற்காற்றுத் தின்கிறதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ரொறன்ரோவிலும் வீதிக்குப் போடுகிற உப்பில் எத்தனை வான் கறள் பிடித்து ஓட்டை விழுந்தது. எல்லாம் தெரியும், ஆனால் மலிவு என்று கண்டதும் மூளை நின்றுவிட்டது. எனக்கு இன்றைக்கும் என் மேலே எரிச்சல் வரும்.

மீன் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒருவர்தான் என்னை நம்பி இரண்டு கொண்டென்சர் யூனிற் போட்டவர். அவர் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. மூன்றாம் தரம் கூலர் நின்றபோது, "மிஸ்டர் ஜெறாட், உங்கள் வேலை சுத்தமான வேலை, ஆனால் எனக்கு மீன் பழுதாகிறது" என்று தன் ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார். அவருக்குச் சரியான யூனிற் வரவழைத்து என் கையால் மாற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

4. அடிக்காத போன்

கொண்டெயினர் பிழை ஒரு பக்கம். அது மட்டும் என்றால் எழும்பியிருப்பேன். போன் அடிக்கவில்லை, அதுதான் உண்மை.

ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினேன். எல்லாரும் மரியாதையாக இருக்கவைத்துக் கதைத்தார்கள், குளிராகக் குடிக்கத் தந்தார்கள். "எங்களுக்கு ஒருவர் இருக்கிறார், அவருடைய தகப்பன் காலத்திலிருந்தே வருகிறவர்" என்றார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ரொறன்ரோவில் நான் கெட்டிக்காரன் என்றுதான் கடைக்காரர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அரைவாசி உண்மை. மற்ற அரைவாசி, எனக்குப் போன் எடுத்து "அண்ணை, கொஞ்சம் பார்த்துப் போடுங்கோ" என்று தமிழில் கேட்கலாம் என்பது. சேர்ச்சில் காண்பார்கள், கலியாண வீட்டில் காண்பார்கள், இவன் எங்கே ஓடப்போகிறான் என்ற தைரியம். பார்படோஸில் அந்த இடத்தில் வேறு ஒருவர் இருந்தார். அவரும் அந்த ஊருக்குக் குகன் அண்ணை மாதிரி ஒரு ஆள்தானே.

றெஜினாவுக்கு அங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. எனக்குக் கிடைத்த பெர்மிற் அப்படி. முதல் இரண்டு மாதம் அவள் சந்தோசமாகத்தான் இருந்தாள். காலையில் கடற்கரையில் நடந்தாள், மதியம் படுத்தாள். பிறகு நடையும் நின்றது, படுக்கையும் நின்றது. பக்கத்து வீட்டில் நடக்க ஏலாத ஒரு வயது போன அம்மா தனியே இருந்தார். றெஜினா போய் அவருக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டாள், நகம் வெட்டிவிட்டாள், குளிக்க வார்த்தாள். ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சம்பளம் கொடுக்கவும் இல்லை. ஒரு நாள் அவள் அங்கிருந்து வரும்போது சிரித்துக்கொண்டு வந்ததைக் கண்டேன். அந்தச் சிரிப்பை வீட்டில் நான் கண்டு கனகாலம்.

"உமக்கு இஞ்ச பிடிக்கேல்லை என்ன?" என்று கேட்டேன்.

"வெயில் நல்லாத்தான் இருக்கு. எனக்கு வேலைதான் இல்லை."

"இன்னும் கொஞ்சம் பார்ப்பம்."

"ஓம், பாருங்கோ."

கொஞ்சம் பார்த்தோம். மிச்ச யூனிற்றுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்துவிட்டோம். பக்கத்து வீட்டு அம்மா றெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்த நாட்டில் எங்களைத் தேடினவர் என்றால் அவர் ஒருவர்தான்.

5. திரும்பி வந்த கிழமை

செவ்வாய்க்கிழமை குகன் அண்ணைக்குப் போன் எடுத்தேன். பேச்சு ஒரு நிமிசம்கூட இல்லை.

"வந்திட்டியோ?"

"ஓம் அண்ணை."

"நாளைக்கு ரெக்ஸ்டேலில ஒரு ஃபிறீசர் கிடக்கு. வான் நிக்குது, வா."

புதன்கிழமை நான் அதே வானில், அதே சம்பளத்தில். கடைக்காரர்கள், "என்னண்ணை, கறுத்துப்போனியள், லீவில நிண்டனிங்களோ?" என்று கேட்டார்கள். சிரித்து மழுப்பினேன்.

வியாழக்கிழமை றெஜினா தன் பழைய இடத்துக்குப் போனாள். மனேச்சர் கட்டிப்பிடித்து வரவேற்றாராம். வேலையும் உடனே கொடுத்தார், ஆட்களுக்குத் தட்டுப்பாடு. ஆனால் புது ஆளாக. கூப்பிட்டால் மட்டும் வேலை. இருபது வருசத்துக்கு மேலே செய்தது எந்தக் கணக்கிலும் இல்லை. நேற்றுக் கொலிஜ் முடித்து வந்த பிள்ளை அவளுக்கு மேலே நின்றது. மனேச்சரில் பிழை சொல்ல ஏலாது, யூனியனிலும் பிழை சொல்ல ஏலாது. அந்தச் சீனியோரிற்றிச் சட்டம்தான் இவ்வளவு காலமும் அவளைக் காப்பாற்றியது.

நாங்கள் திரும்பி வந்தபோது ஒரு வருசம் ஆகியிருக்கவில்லை. லீவு எடுத்துக்கொண்டு போயிருந்தால் அந்த லீவு முடிய முதலே வந்திருப்பாள், தன் பகல் ஷிஃப்ற்றுக்கே போயிருப்பாள். இது ஏர்போர்ட்டிலிருந்து வரும்போதே இரண்டு பேருக்கும் தெரியும்.

அதன் பிறகு விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வரும். "வர முடியுமா?" என்று கேட்பார்கள். முடியாது என்று இரண்டு தரம் சொன்னால் மூன்றாம் தரம் கூப்பிட மாட்டார்கள் என்ற பயத்தில் குளித்தும் குளியாமலும் ஓடுவாள். சனி, ஞாயிறு எல்லாம் அவளுக்குத்தான். முழங்கால் வீங்கி வருவாள். நான் தைலம் பூசிவிடுவேன். என்னால் முடிந்தது அதுதான்.

6. நத்தார்

போன மார்கழி நத்தார்ப் பெருநாளுக்கும் அவளுக்கு வேலை. சீனியோரிற்றி உள்ளவர்கள் எல்லாரும் லீவு எடுத்த பிறகு மிஞ்சுகிறவர்கள் அவளைப் போன்றவர்கள். பனி கொட்டியது. நான் கொண்டுபோய் இறக்கினேன். நேரத்தோடு வந்துவிட்டதால் இல்லத்தின் பார்க்கிங்கில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு காருக்குள் இருந்தோம்.

"நான் வேலை பழக்கின மே, தன்ர லீவைத் தாறன், மாறிச் செய்வம் எண்டு கேட்டவள்" என்றாள்.

"வாங்கியிருக்கலாமே?"

"அவளுக்குச் சின்னப் பிள்ளையள் இருக்கு. நான் மேல நிண்ட காலத்தில ஆருக்கும் விட்டுக்குடுக்கேல்லை. இப்ப அவளிட்ட வாங்கிறது எந்த நியாயம்?"

வைப்பரைப் போட்டுக் கண்ணாடிப் பனியைத் தள்ளினேன். பிறகு அவளாகவே தொடங்கினாள்.

"போனதில எனக்குக் கோவம் இல்லையப்பா. நான் லீவில வந்தால் பாதியில விட்டிட்டு ஓடிவந்திடுவன் எண்டு நினைச்சியள் பாருங்கோ, அதுதான் கோவம்."

அன்றைக்குத்தான் நான் உண்மையைச் சொன்னேன். எனக்கே அது அந்த நேரம்தான் சரியாக விளங்கியது.

"நீர் ஓடிவருவீர் எண்டு நான் நினைக்கேல்லை, றெஜினா. நான் ஓடிவந்திடுவன் எண்டு பயம். உமக்கு இஞ்ச ஒரு வேலை இருந்தால், கஷ்டம் வந்த உடன நான்தான் முதல் 'வா போவம்' எண்டிருப்பன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அது களைத்துப்போன பார்வை.

"பயம் உங்களுக்கு எண்டால், குகன் அண்ணையோட எல்லோ நீங்கள் திரும்பி வர ஏலாத மாதிரி முறிச்சுக்கொண்டு போயிருக்கோணும். ஏன் என்ர வேலையை எழுதிக்குடுக்க வைச்சனிங்கள்?"

அவள் சால்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டு இறங்கினாள். "சேர்ச்சில பூசை முடிய வீட்டை போய்ச் சாப்பிடுங்கோ, கறி ஃபிறிஜ்ஜில கிடக்கு" என்று சொல்லிவிட்டு, வழுக்காமல் பார்த்துப் பார்த்து அடி வைத்துக் கதவுக்குள் போனாள். நான் பூசைக்குப் போகவில்லை. கன நேரம் அந்தப் பார்க்கிங்கிலேயே இருந்தேன்.

பொடியங்கள், போகிறதென்றால் போங்கோ. வெயிலிலும் பிழை இல்லை, சொந்தத் தொழிலிலும் பிழை இல்லை. ஆசை உங்களுடையது என்றால் உங்களுடைய வேலையை விடுங்கோ. வீட்டில் இருக்கிற மற்றவருக்கு அவருடைய வேலையிடத்தில் லீவு தருகிறோம் என்று சொன்னால், வாயை மூடிக்கொண்டு அதை எடுக்க விடுங்கோ.