சிவப்பு நகப்பூச்சு போட்ட மின்விசிறி

டெஸ்டர் அக்கா என்றால்தான் அந்த வட்டாரத்தில் தெரியும். கொண்டையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். வீட்டுச் சாமான்களைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் சென்டரில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தார். ஒரு பொருள் இனித் தேறாது என்று முடிவு செய்தால், அடிப்பாகத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தேதியும் எழுதுவார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஓய்வு பெற்ற ஐந்தே மாதத்தில் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் இரண்டு முறை கழற்றி மாட்டியாகிவிட்டது. மூன்றாம் முறையாக அழைப்பு மணியில் கை வைத்தபோது, தையற்கடை வைத்திருக்கும் அவர் கணவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "எங்கயாவது ஒரு வேலைக்குப் போயேம்மா."

அப்படித்தான் குப்பைமேட்டுக்குப் போனார். ஊருக்கு வெளியே இருந்த அந்தக் கிடங்கை மூடிப் பதினைந்து வருஷமாகிறது. மேலே கட்டடம் எழும்புவதற்குள் அதைத் தோண்டிப் பார்க்கப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழுவுக்கு அனுமதி கிடைத்திருந்தது. பழைய மின்சாமான்களைப் பற்றித் தெரிந்த ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். அரசர்களின் பானையோட்டைத் தேடுகிறவர்கள் பழைய ரிமோட்டை எதற்குத் தேடுகிறார்கள் என்று அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. குழுத் தலைவியான ஆய்வாளர் மேடம் விளக்கினார்.

"எப்படி வாழ்ந்தீங்கன்னு கேட்டா ஜனங்க ஒண்ணு சொல்வாங்க அக்கா. குப்பை வேற ஒண்ணு சொல்லும். குப்பைக்குக் கூச்சம் கிடையாது."

தகரக் கொட்டகையில் நீள மேசை போட்டு, கழுவிய பொருட்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அறுபத்து மூன்று ரிமோட்டுகள். அதில் நாற்பதுக்கு மேல் பின்மூடி இல்லை. மட்டமான தயாரிப்பு என்று குழு குறித்து வைத்திருந்தது.

"மூடி நல்ல மூடிதான் மேடம்," என்றார் அக்கா. "செல் தீர்ந்தா உடனே யார் மாத்துறாங்க? ரெண்டு தட்டு தட்டுவாங்க. அப்புறம் மூடியைக் கழட்டி செல்லை உருட்டி விடுவாங்க. இன்னும் நாலு நாள் ஓடும். தினம் கழட்டுற மூடி எத்தனை நாளைக்கு வீட்டுல தங்கும்?"

மேடம் பழைய குறிப்பை அடித்துவிட்டு இதை எழுதிக்கொண்டார். உடைந்த தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றின் பட்டன்கள் மேல், கடையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமலே இருந்தது. பத்து வருஷமாவது ஓடிய பெட்டி. "கடைசி வரைக்கும் புதுசாவே வெச்சிருந்திருக்காங்க," என்று அக்கா அதைத் தடவிப் பார்த்தார். தன் வேலை தனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது போல் இருந்தது அவருக்கு. சாயங்காலம் முகமெல்லாம் தூசியோடும் வாயெல்லாம் பல்லோடும் வீடு திரும்புவார்.

மூன்றாவது வாரம் ஒரு மேசை மின்விசிறி வந்தது. அக்கா திருப்பிப் பார்த்தார். அடியில் சிவப்புப் பெருக்கல் குறி. கீழே அவர் கையெழுத்திலேயே தேதி.

"அட, நான் சாகடிச்சது," என்று சிரித்தார். "தண்டு உட்கார்ற புஷ் தேஞ்சு போச்சு. ஸ்பேர் வர்றதில்ல. அதான் குறி போட்டுட்டேன்."

மேடம் பதிவேட்டைப் பார்த்தார். "இது கிடைச்ச அடுக்குல இருந்த பால் பாக்கெட் தேதியெல்லாம் உங்க தேதிக்கு ஒன்பது வருஷம் பிந்தி இருக்கே அக்கா. யார் வீட்டுப் பரண்லயாவது கிடந்திருக்குமோ?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு மனசு வரவில்லை. டெஸ்டரை உருவி மோட்டாரைத் திறந்தார். தேய்ந்த புஷ்ஷின் இடத்தில் தையல் மெஷினின் பித்தளை வளையம் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி எண்ணெயில் ஊறிக் கறுத்த கம்பளித் துண்டு. அதன் ஓரம் பல் பல்லாக வெட்டப்பட்டிருந்தது. ஒயர்கள் மெழுகிட்ட நூலால் கட்டப்பட்டிருந்தன. வெளியே நீலத்தின் மேல் உரிந்துகொண்டிருந்த பச்சைப் பெயின்ட், அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கடைக் கதவின் பச்சை.

"இது பரண்ல கிடக்கல மேடம். ஓடியிருக்கு. நல்லாவே ஓடியிருக்கு," என்றார். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நேரே தையற்கடைக்குப் போனார்.

கணவர் ஒரு கால்சட்டைக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்ததும் மெஷின் நின்றது.

"சிக்கிடுச்சா?" என்றார்.

"ஏன் சொல்லல?"

"நீ குறி போட்டா போட்டதுதான்னு ஊரே சொல்லும். அதை நான் ஓட வெச்சேன்னு சொன்னா எனக்குச் சோறு யார் போடுறது? சர்வீஸ் சென்டர் வாசல்ல கிடந்துச்சு. பாவமா இருந்துச்சு. எடுத்துட்டு வந்து பெயின்ட் அடிச்சு வெச்சேன்."

"ஒன்பது வருஷம் இங்க வந்து அந்தக் காத்துல டீ குடிச்சிருக்கேன்."

"நல்ல ஃபேனா இருக்கே, எங்க வாங்கினீங்கன்னு கூட ஒரு தடவை கேட்ட."

அக்காவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். நூல்கட்டு ஒரு இழை பிசகவில்லை. புஷ்ஷுக்குத் தையல் மெஷினில் துணை தேடலாம் என்று இருபத்தேழு வருஷத்தில் தனக்குத் தோன்றவே இல்லையே என்று நினைத்தார். பிறகு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் கணவர் தைரியமாக மெஷினை மிதித்தார்.

மறுநாள் மேடத்திடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "மெக்கானிக் போட்ட கணக்கு தப்பு, அவங்க வீட்டுக்காரர் தையல்காரர், அவர்தான் சரி பண்ணினார்னு எழுதிக்குங்க."

"வீட்டுக்காரர்னும் எழுதணுமா?"

"எழுதுங்க. அது தெரியாம இந்த ஃபேனைப் பத்தி என்ன தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

அடுத்த விடுமுறை நாளில் தையல்காரரே கொட்டகைக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, புது மூக்குக்கண்ணாடி. கம்பளியை ஏன் பல் வைத்த கத்தரியால் வெட்டினார் என்று மேடம் கேட்க, "பல் வெட்டினா நூல் பிரியாது மேடம், எண்ணெயும் ஒழுகாது," என்று விளக்கினார். அக்கா பக்கத்தில் நின்று, தனக்கே சொல்லிக்கொடுப்பது போல் தலையாட்டிக் கேட்டார்.

"இதே மாதிரி வேற எதையாவது சரி பண்ணியிருக்கீங்களா சார்?"

அவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "இன்னும் ரெண்டு இருக்கு."

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க, எதெது?" என்று மேடத்தின் பேனாவை வாங்கினார்.