வைக்கட்டுமா, ஆண்டவரே

என் பெரியம்மா ஆண்டவரைக் கேட்காமல் எந்தக் காரியமும் செய்ய மாட்டாள். பெரிய மார்க்கெட்டில் சங்கரா மீனைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு, வாங்கலாமா என்று கண்ணை மூடிக் கேட்பாள். அதற்குள் மீன்காரம்மா அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாள். கேட்டுக் கேட்டுத்தான் இவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று அப்பா கேலி செய்வார். உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு வருகிற பதில் எந்தக் குரலில் இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு அத்தனை ஆசை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு கார்த்திகையில் புயல் வந்தது. எங்கள் சந்தின் நடுவே வாய்க்கால் ஓடுகிறது. மேலே சிமெண்ட் பலகைகள் போட்டிருக்கும், அதன் மேல்தான் நடக்க வேண்டும். மழை வலுத்தால் தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று சந்து ஆண்கள் அங்கங்கே பலகையைத் தூக்கிவிட்டு, அடையாளத்துக்கு ஒரு வேப்பங்கிளையைச் செருகி வைப்பார்கள். அன்று காலையும் அப்படியே செய்தார்கள். தண்ணீர் வடிவதற்குப் பதில் ஏறியது. கிளைகளெல்லாம் மிதந்து போய்விட்டன. எங்கே திறந்திருக்கிறது என்று தூக்கியவர்களுக்கே தெரியவில்லை.

அன்றைக்கென்று பார்த்துத் தம்பிக்கு மூச்சிழுப்பு வந்தது. அவனுக்கு மூன்று வயது. கரண்ட் இல்லாமல் ஆவி வைக்கிற மெஷின் ஓடவில்லை, போனில் டவர் இல்லை. முதல் நாள் கம்பெனிக்குப் போன அப்பா திரும்பவில்லை. பிள்ளையின் விலா உள்ளே போய்ப் போய் வந்தது. மெயின் ரோடு மேடு, அங்கே போய்விட்டால் ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைக்கும். பிள்ளையோடு குழிக்குள் போய்விட்டால் என்ன செய்வது என்று அம்மா அழுதாள். பெரியம்மா ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான். எனக்குப் பின்னால், தம்பியைத் தோளில் போட்டபடி அம்மா.

மழை நின்றிருந்தது. காற்றும் இல்லை. நடுப்பகல்தான், ஆனாலும் விளக்கு வைக்கிற நேரம் போல இருட்டு. என் இடுப்புவரை கறுத்த தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு மதில்மேல் நாய் நின்று எங்களைப் பார்த்தது, குரைக்கவில்லை. ஜன்னல்களில் தெரிந்த முகங்களும் பேசவில்லை. கொஞ்ச தூரத்திலேயே கம்பு ஒரு குழிக்குள் இறங்கி, பெரியம்மாவின் கையை விட்டுப் பலகைக்கு அடியில் போயே போய்விட்டது. அதன்பிறகு அவளுக்குக் கால்தான் கம்பு.

"வைக்கட்டுமா, ஆண்டவரே?" என்று கேட்பாள். கொஞ்சம் நிற்பாள். பிறகு தலையாட்டிவிட்டுக் காலை வைப்பாள். மறுபடியும் கேட்பாள், நிற்பாள், தலையாட்டுவாள். யாரோ அவளுக்கு முன்னால் தண்ணீரில் நடந்துகொண்டு பதில் சொல்வதாக எனக்குத் தோன்றியது. பார்த்தால் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தைப் பார்த்து அவள் தலையாட்டுவதுதான் எனக்குக் குலை நடுக்கமாக இருந்தது. என் காதுக்கு எட்டியதெல்லாம் பின்னால் தம்பி இழுக்கிற கர்கர் சத்தம் மட்டுமே.

சந்தின் நடுவில் ஓரிடத்தில் பெரியம்மா கேட்டாள். நின்றாள். தலையாட்டவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். ஆண்டவர் யோசிக்கிறார் என்று நினைத்தேன். பின்னால் கர்கர் சத்தமும் ஓய்ந்திருந்தது. அம்மா தம்பியின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். தூங்க வைக்கிறாள் போலும் என்று இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்தும் இருந்தது.

அப்புறம் பெரியம்மா எதுவும் கேட்காமலே காலை வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். சற்றைக்கெல்லாம் பின்னால் தம்பி பெரிதாக இருமி வீறிட்டான். மெயின் ரோட்டில் ஒரு மினி வேன்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார்.

தம்பி இப்போது சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறான். போன மாதம் பெரியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அன்றைக்கு ஆண்டவருடைய குரல் எப்படி இருந்தது என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

"என்னா கொரலு? இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒரு கொரலும் கேட்டதில்லம்மா."

பிறகு எதற்குத் தலையாட்டினாய் என்றேன்.

"கேட்டுட்டு நிப்பேன். பின்னால புள்ள இழுக்கிற சத்தம் வரும். உசுரோட இருக்கான், போன்னு சொல்றாருன்னு வச்சிக்குவேன்."

"நடுவுல அவ்ளோ நேரம் நின்னியே, பெரியம்மா?"

கீரையை முறத்தில் வைத்தாள்.

"அப்ப சத்தம் வரல. திரும்பிப் பாக்க தைரியம் இல்ல. அவரு இருக்காரா இல்லையான்னே தெரியல. வச்சிட்டேன்."

அம்மா அன்று தட்டியது தூங்க வைக்க இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானோ, தம்பி தூங்கிவிட்டான், இனிக் கவலையில்லை என்று அந்தத் தண்ணீரில் நிம்மதியாக நின்றிருந்தேன்.